புர்கி காலால் மறைத்த சொட்டு

தரையில் அந்தச் சொட்டைப் பார்த்ததும் புர்கி செய்த முதல் காரியம், அதன்மேல் காலை வைத்து மறைத்ததுதான். துடைக்கவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. பூட்ஸ் காலை ஊன்றிக் கைகளைக் கட்டிக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தாள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் தீயணைப்புப் படைத் தலைவன் ஹூபெர்ட் கதவைத் திறந்துகொண்டு வந்தான்.

"என்ன புர்கி, சிலை மாதிரி நிக்கிற?"

"லைட்ட எண்ணிட்டிருக்கேன்."

"நாலுதான இருக்கு?"

"நாலும் இருக்கான்னு பாக்க வேணாமா?"

ஹூபெர்ட் கூரை வேய்கிறவன். உயரத்தில் இருப்பதைப் பார்க்கச் சொன்னால் உடனே பார்ப்பான், கீழே பார்க்கத் தோன்றாது. அவனும் அண்ணாந்து நாலு விளக்கையும் எண்ணிவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனான். அதன்பிறகுதான் புர்கி காலை எடுத்தாள். சொட்டு நசுங்கி, பழுப்பு நிறத்தில் ஒரு பூட்ஸ் அச்சாகிக் கிடந்தது.

வேறு யார் கராஜிலாவது விழுந்திருந்தால் அது வெறும் எண்ணெய்ச் சொட்டு. புர்கியின் கராஜில் விழுந்ததால் மானக்கேடு.

எர்லாக் என்கிற அந்தச் சின்ன ஊரில் வீடு பற்றிக்கொண்டால் அணைப்பதற்குச் சம்பள ஆள் கிடையாது. கூரைக்காரன், ரொட்டிக்காரன், பள்ளி வாத்தியார் எல்லோருடைய இடுப்பிலும் பீப்பர் தொங்கும். அது கத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அந்தப் படையின் வண்டியையும் குழாய்களையும் காக்கிற பொறுப்பு ஒருவரிடம் இருக்கும். அதற்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. 'சாவி' என்பார்கள். எர்லாக்கின் சாவி வால்புர்கா ஸ்டைண்டல் என்கிற புர்கி. பக்கத்து ஊர் மோஸனின் சாவி, புர்கிக்குத் தெரிந்தவரை, மாட்டுப் பண்ணைக்காரன் லோய்ஸ் ஹைடர்.

புர்கிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. காலையில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் உறிஞ்சிக்கொண்டு வருகிற டேங்கர் லாரி ஓட்டுகிறாள். தோள் அகலம், குரல் அதைவிட அகலம். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டுத் தொலைத்தால், "கராஜுல செவப்பா ஒருத்தன் நிக்கிறான், போய்ப் பாரு. குடிக்க மாட்டான், கொறட்டை விட மாட்டான், கூப்பிட்டா ஒடனே கெளம்புவான்" என்பாள்.

அந்தச் சிவப்புக்காரன் வந்து இரண்டு வருடம்கூட நிறையவில்லை. அவனை வாங்க ஊரே கேக் விற்றது, பீர் விற்றது, பழைய இரும்பைக்கூட விட்டுவைக்காமல் விற்றது. பாதிரியார் வந்து புனித நீர் தெளித்த அன்று, நீர்த்துளி காய்ந்து கண்ணாடிபோன்ற பெயிண்டில் புள்ளி விழுந்துவிடுமே என்று புர்கி பின்னாலேயே தோல்துணியோடு போய்த் துடைத்துக்கொண்டு வந்தாள். பாதிரியார் திரும்பிப் பார்த்தார். "ஆசீர்வாதம் உள்ள எறங்கிருச்சு ஃபாதர், தண்ணிய மட்டும்தான் எடுக்குறேன்" என்றாளாம்.

கராஜின் தரைக்கு வெளிர்சாம்பல் பெயிண்ட் அடித்ததும் அவள்தான். அதில் தோசை ஊற்றிச் சாப்பிடலாம். செருப்பைத் துடைக்காமல் வந்தால் ரொட்டிக்காரனையே வெளியே நிற்கவைப்பாள். இதெல்லாம் இருக்கட்டும். இவள் வாய்தான் இவளுக்கு எமன். மோஸன்காரர்களின் வண்டி பழசு, நின்ற இடத்திலெல்லாம் எண்ணெய் விடும். அதைப் பார்த்தால் புர்கிக்கு நாக்கு நமநமக்கும். போன கோடையில் மோஸன் திருவிழாவில், பீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்ற அந்த வண்டிக்கு அடியில் புகுந்து, எண்ணெய் சொட்டுகிற இடத்தில் ஒரு டயப்பரைக் கட்டிவிட்டு வந்தாள். சும்மா கட்டவில்லை, மேடைக்குப் போய் மைக்கைப் பிடுங்கி, "லோய்ஸ், உன் புள்ள நனைச்சிருச்சு, மாத்திவிடு" என்று அறிவிப்பும் செய்தாள். பந்தல் குலுங்கியது. லோய்ஸும் சிரித்துக்கொண்டே பீர்க் குவளையை உயர்த்தினான். புர்கி பார்த்தது அவ்வளவுதான்.

இப்போது அவளுடைய வெளிர்சாம்பல் தரையில் பழுப்பாக ஒன்று.

விரலால் தொட்டு மோந்தாள். என்ஜின் ஆயில் வாடை இல்லை. அழுகின முட்டையும் ரப்பரும் கலந்த வாடை, கியர் ஆயில். என்ஜினின் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தாள், மயிரிழைகூட இறங்கவில்லை. புர்கிக்கு மூச்சு வந்தது. நம் வண்டி இல்லை. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? கியர் ஆயில் வாடை எங்கே அடிக்கும்? டிராக்டரில். டிராக்டர் யார் வைத்திருக்கிறார்கள்? மாட்டுக்காரர்கள். பழிவாங்கக் காரணம் உள்ள மாட்டுக்காரன் யார்?

நிமிர்ந்து பார்த்தாள். கழிப்பறை ஜன்னல் காற்றுக்காகச் சாய்த்துத் திறந்திருந்தது.

"லோய்ஸு" என்றாள் தனக்குள். பாதி கோபம், பாதி சந்தோஷம். அந்த வட்டாரத்தில் பக்கத்து ஊர்க்காரன் நாம் மே விழாவுக்கு நட வைத்திருக்கும் கம்பத்தைத் திருடுவான், நாம் அவன் ஊர்ப் பலகையைக் கழற்றுவோம். மழை பெய்வது மாதிரி அதுவும் இயல்பு. தரையில் எண்ணெய்ச் சொட்டு என்றால் எண்ணெய் ஒழுகுகிறது என்று உலகமே நினைக்கும், எர்லாக்கில் மட்டும்தான் 'எவனோ வேலையைக் காட்டிவிட்டான்' என்று நினைப்பார்கள்.

வண்டிக்கு அடியில் படுத்து ஒரு தடவை பார்த்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் படுத்துப் பார்த்தால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். பெற்ற பிள்ளை தூங்கும்போது அதன் சட்டைப்பையைத் துழாவுகிற மாதிரி. புர்கி படுக்கவில்லை. சொட்டைத் துடைத்தாள், ஜன்னலை மூடினாள்.

அடுத்த திங்கட்கிழமைப் பயிற்சி முடிந்த மறுநாள் இன்னொரு சொட்டு. அதற்கு அடுத்த பயிற்சிக்குப் பிறகும். எப்போதும் பயிற்சிக்குப் பிறகுதான். பம்ப் ஓடினால்தான் சொட்டுகிறது என்று ஒரு மெக்கானிக்காவது சொல்லியிருப்பான். புர்கி சொன்னது வேறு: "நம்ம பயிற்சி நாளக்கூட மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான் படுபாவி."

சாட்சியும் கிடைத்தது. லோய்ஸின் பண்ணையில் பால் எடுக்கப் போனால், முன்பெல்லாம் அவன் கொட்டகையிலிருந்து வெளியே வந்து, "என்ன புர்கி, பாலுக்கு வந்தியா, என்னப் பாக்க வந்தியா?" என்பான். கொஞ்ச காலமாக ஆளையே காணோம். பால் தொட்டியின் கதவு திறந்திருக்கும், குழாயை மாட்டி உறிஞ்சிக்கொண்டு போக வேண்டியதுதான். ஒரு நாள் கொட்டகை மறைவில் அவன் தொப்பி தெரிந்தது. இவளைக் கண்டதும் உள்ளே போய்விட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று புர்கி சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பைப் பின்னால் நினைத்து நினைத்துக் கூசப்போகிறாள், பாவம்.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். சனிக்கிழமை ஒரு கூடுதல் பயிற்சி இருந்தது. அது முடிந்ததும் வண்டியைச் சுற்றியும் அடியிலும், ஜன்னல் வரைக்கும், சல்லடையால் கோதுமை மாவைச் சலித்துத் தூவினாள். கால் வைத்தால் அச்சு விழும். பூட்டிக்கொண்டு போனாள். ஞாயிறு காலையில் திறந்தால், மாவில் ஓர் அச்சுகூட இல்லை. நடுவில் சொட்டு மட்டும், மாவுக்கு நடுவே விட்ட முட்டைக்கரு மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

பேய்க்குத்தான் கால் கிடையாது என்பார்கள். மோஸன்காரனுக்குமா?

யோசித்தாள். நீளக் கம்பு. கம்பின் நுனியில் துணி. மூடிய ஜன்னல் வழியாக எப்படி என்று மனது கேட்டது, அதை அதட்டி உட்காரவைத்தாள். மாவைக் கூட்டாமலே கதவைப் பூட்டிவிட்டு நேராக மோஸனுக்குக் காரை விட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து மோஸனின் ஆண்கள் பீர் விடுதியில் அவரவர் வழக்கமான மேசையில் இருந்தார்கள். லோய்ஸ் ஓரத்தில் வெள்ளைத் தொத்திறைச்சியின் தோலை உரித்துக்கொண்டிருந்தான். எதிரே வாஸ்ட்ல். மாவட்ட மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், ஊர்ச் செய்தியையும் அதிலேயே ஏற்றி இறக்குகிறவன்.

புர்கி மேசையில் கையை ஊன்றினாள். "லோய்ஸு, வித்த நல்லாதான் இருக்கு. ஒத்துக்கறேன். இப்ப நிறுத்திக்கோ."

"என்ன வித்த?"

"ஐயோ, பச்சப் புள்ள! எங்க கராஜுல எண்ணெய ஊத்துற வித்த. டிராக்டர் ஆயில். மோந்து பாத்தாலே உங்க கொட்டக தெரியுது."

விடுதியில் எல்லோர் முகமும் திரும்பியது. வாஸ்ட்ல் முழங்கையை மேசையில் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டான். "அடடே! எர்லாக் மகாராணியோட அரண்மனைல சொட்டு விழுந்துருச்சா? வாரிசு வந்துருச்சுன்னு வெடி போடலாமா?"

"நீ சும்மா இரு. நான் அவன்கிட்டப் பேசுறேன். ஆம்பளையா இருந்தா என் வண்டி மேல கை வெச்சது நான்தான்னு சொல்லு லோய்ஸு. இப்படி ராத்திரில ஜன்னல் வழியா..."

லோய்ஸ் கத்தியைக் கீழே வைத்தான். "நான் பண்ணல புர்கி."

"சத்தியம் பண்ணு."

அவன் அவளைப் பார்த்தான். சத்தியம் பண்ணவில்லை. கோபப்படவும் இல்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். குவளையில் பாதி பீர் அப்படியே இருந்தது. பாதி பீரை விட்டுவிட்டுப் போகிற மனிதனை அந்த விடுதி சாவு வீட்டுச் செய்தி வந்தபோதுதான் பார்த்திருக்கிறது.

"பாத்தியா, ஓடுறான்" என்றாள் புர்கி. சொன்னபிறகும் கண் அந்தப் பாதிக் குவளை மேலேயே இருந்தது.

வாஸ்ட்லின் கேலி எங்கோ போய்விட்டிருந்தது. "ஏம்மா, அவன்கிட்ட சாவியே இல்ல. தெரியாதா உனக்கு?"

"எந்தச் சாவி?"

"மோஸன் சாவி. மார்ச் மாசமே தூக்கி வெச்சிட்டுப் போயிட்டான். படையிலயும் இல்ல. உன் டயப்பருதான் காரணம்."

"அது... சிரிப்புக்கு..."

"உனக்கு ஒரு நாள் சிரிப்பு. அதுக்கப்புறம் எங்க ஊர்ப் பயலுவ விட்டானுங்களா? டிராக்டர்ல டயப்பரு, கேட்டுல டயப்பரு. அவன் பேத்திக்கு ஞானஸ்நானம், கோயில் பெஞ்சுல ஒரு பாக்கெட்டு. அதையும் பொறுத்துக்கிட்டான். மார்ச்சுல ஒரு கொட்டக எரிஞ்சிச்சே, அங்க இவன் பம்பு ஒரு நிமிஷம் மக்கர் பண்ணிச்சு. வீட்டுக்காரம்மா அழுதுக்கிட்டு நிக்கிறா, எவனோ பின்னாலேர்ந்து, 'டயப்பர மாத்திட்டு வா தாத்தா'ன்னு கத்துனான். அன்னிக்கி போனவன்தான்."

புர்கியின் முகத்தில் ஈயாடவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பந்தலில் அன்று மைக்கைப் பிடித்தபோதும் இதே முகங்கள்தான் பார்த்தன. அன்று வெளிச்சம் மாதிரி இருந்தது, இன்று வெயிலில் தோலை உரித்து நிறுத்திய மாதிரி இருந்தது. "அப்ப எண்ணெய யாரு ஊத்துறது?" என்று ஒரு கேள்வியை மட்டும், அதுவும் முனகலாக, தரையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வீடு போய்ச் சேர்வதற்குள் பீப்பர் கத்தியது. ஆற்றோர வயலில் வைக்கோல் உருளைகள் எரிந்தன. எல்லோரும் ஓடி வந்தார்கள். ரொட்டிக்காரன் வாசலில் நின்று, "என்னது, என் கடைய விட இங்க மாவு அதிகமா கெடக்கு?" என்றான். பதில் சொல்ல நேரமில்லை. என்ஜின் உறுமி, காற்று பிரேக் புஸ்ஸென்று விட்டதும் தரை மாவெல்லாம் கிளம்பி வண்டியின் அடிவயிறு முழுக்க அப்பிக்கொண்டது. வயலில் பம்ப் வெகுநேரம் ஓடியது. தீ அடங்கியது. பெரிய சேதம் இல்லை.

திரும்பி வந்ததும் புர்கி மற்றவர்களை அனுப்பிவிட்டாள். மாவைப் பற்றி இன்னொருவன் கேட்பதற்குள் கழுவிவிட வேண்டும் என்றுதான் சக்கரப் பலகையில் படுத்து வண்டிக்கு அடியில் போனாள். வேறு எண்ணம் இல்லை.

அடியில் எல்லாம் வெள்ளையாக, உலர்ந்து இருந்தது. ஓர் இடம் தவிர. முன்பக்க அடித்தட்டின் ஓரத்தில் மாவு ஈரமாகிப் பழுப்புக் கூழாகத் தொங்கியது. அதிலிருந்து ஒரு கோடு, சட்டத்தின் ஓரமாகப் பின்னோக்கிப் போனது. நத்தை போன தடம் மாதிரி. புர்கி பலகையைத் தள்ளித் தள்ளி அந்தத் தடத்தின் பின்னால் போனாள். சொட்டு விழுவது ஓரிடம், ஊறுவது வேறிடம். இத்தனை நாள் முன்சக்கரத்துப் பக்கம் விழுந்ததற்கும் ஊற்றுக்கும் இடையில் வண்டியின் பாதி நீளம் இருந்தது. கோடு பம்பை இயக்குகிற கியர்பெட்டியில் போய் முடிந்தது. அங்கே தண்டு வெளியே வருகிற இடத்தில், எண்ணெய் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையம், ஆயில் சீல். டார்ச்சை அடித்தாள். சீலின் ரப்பர் உதடு ஓரிடத்தில் உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த அலுமினியம் வெளுத்துப் பூத்திருந்தது.

அந்த வெளுப்பை அவளுக்குத் தெரியும். பால் பண்ணையில் அலுமினிய மூடிகளைத் தெரியாத்தனமாக காஸ்டிக் சோடாவில் போட்டால் இப்படித்தான் பூக்கும்.

மே மாதம், தீயணைப்புக்காரர்களின் புனிதரான ஃப்ளோரியானுக்கு ஊர்வலம். மோஸன் வண்டியின் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். தன் சிவப்புக்காரன் பளபளக்க வேண்டும் என்று முந்தின நாள் பால் பண்ணைக்கு ஓட்டிக்கொண்டு போய், டேங்கர் கழுவுகிற இடத்தில், கொதிக்கிற காஸ்டிக் நுரையைப் பீய்ச்சி, பிரஷர் தண்ணீரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, அடி வயிற்றையெல்லாம் தேய்த்துக் குளிப்பாட்டியவள் இவளேதான். கம்பெனி புத்தகத்தில் கூடாது என்று போட்டிருக்கிறது. கராஜ் சுவரில், 'வண்டிக்கு அடியில் பிரஷர் தண்ணீர் அடிப்பவன் கை முறிக்கப்படும்' என்று எழுதி ஒட்டியிருப்பதும் இவள் கையெழுத்துதான். அது மற்றவர்களுக்கு. தனக்குத் தெரியாதா, தான் பார்த்து அடிப்போம் என்று நினைத்தாள். ஊர்வலத்தில் மோஸன் வண்டியோடு லோய்ஸ் நின்றானா என்றுகூடப் பார்க்கவில்லை, கண் முழுக்கத் தன் வண்டி மேல்.

கீழேயே கிடந்தாள். ஒரு துளி திரண்டு, நீண்டு, அவள் கன்னத்தில் விழுந்தது. துடைக்கவில்லை. விழட்டும் என்று இருந்தது. காது இரண்டும் கொதித்தன. யாருமில்லாத இடத்தில் ஒருத்திக்கு இவ்வளவு வெட்கம் வரும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

வெளியே இரண்டு பூட்ஸ் வந்து நின்றது. ஹூபெர்ட். "புர்கி, மோஸன்ல போய் என்னத்தக் கத்திட்டு வந்த? என் மச்சினன் போன் பண்றான்."

அவள் பலகையோடு வெளியே வந்தாள். எழவில்லை. படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஹூபெர்ட் கேட்டான். முகம் கோணிக்கொண்டே போனது. பிறகு குந்தி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"யாரு பாத்தா?"

"என்னத்த?"

"நீ பால் பண்ணைல கழுவுனத."

"யாரும் பாக்கல."

"அப்ப முடிஞ்சது. வாரண்டி இருக்கு. அடுத்த வாரம் கம்பெனி ஆள வரச் சொல்றேன். சீல் வரும்போதே கோளாறுன்னு சொல்லிருவோம். புது வண்டி, அவன் மாட்டேன்னா சொல்லப் போறான்? நீ வாயத் தெறக்காத."

"லோய்ஸு?"

"அவனுக்கென்ன? மாட்டப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கான். இந்தா பாரு, நீதான் பண்ணுனன்னு தெரிஞ்சா சாவிய உன்கிட்ட வெச்சிருக்க முடியாது. பஞ்சாயத்துல கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

சாவி என்றதும் புர்கி வாயை மூடிக்கொண்டாள். தலையையும் ஆட்டினாள். பின்னால் அவளை அதிகம் அரித்தது இந்தத் தலையாட்டல்தான்.

இருந்தாலும் மறுநாள் லோய்ஸின் பண்ணையில் பால் குழாயை மாட்டிவிட்டு, லாரியில் ஏறி உட்காராமல் கொட்டகைக்குள் போனாள். லோய்ஸ் ஒரு பசுவின் குளம்பை மடியில் வைத்துச் சீவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"லோய்ஸு."

"பால் உள்ள இருக்கு."

"எண்ணெய் எங்க வண்டியோடதுதான். நான்தான் கெடுத்தேன். தப்பா சொல்லிட்டேன்."

"ம்."

"டயப்பரு... அது இவ்ளோ தூரம் போகும்னு எனக்குத் தெரியாது. வாஸ்ட்லு சொல்லித்தான்..."

அவன் குளம்பை இறக்கி வைத்தான். பசு காலை உதறிக்கொண்டது. "பந்தல்ல ஊரு முன்னாடி சிரிச்ச. விடுதில ஊரு முன்னாடி திட்டுன. மன்னிப்பு மட்டும் மாட்டு முன்னாடியா?"

புர்கி தரையைப் பார்த்தாள். பசுவும் இவளைப் பார்த்த மாதிரி இருந்தது.

"மாடு யார்கிட்டயும் சொல்லாதுன்னு வந்தியா?" என்றான் லோய்ஸ். "போ. உன் குழாய் காத்த உறிஞ்சுது பாரு. சத்தம் கேக்குது."

உண்மைதான். தொட்டி காலியாகி, குழாய் கர் கர் என்று கத்திக்கொண்டிருந்தது. இருபது வருடத்தில் அவள் குழாயைக் காற்று உறிஞ்ச விட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை இரண்டு ஊருக்கும் கூட்டுப் பயிற்சி. மோஸன் ஏரியிலிருந்து தண்ணீரை எடுத்து, வண்டிக்கு வண்டி மாற்றி, மேட்டுக் கோயில்வரை ஏற்ற வேண்டும். எர்லாக் வண்டி ஏரிக்கரையில், புர்கி பம்ப் அருகில். மோஸனின் பழைய வண்டி நடுவில், அதன் பக்கத்தில் விஷயம் புரியாத ஒரு புது ஆள். குழாய் இணைப்பில் இரண்டு தடவை தண்ணீர் பீய்ச்சி அடித்தது. லோய்ஸ் இருந்திருந்தால் அடித்திருக்காது என்பது புர்கிக்குத் தெரிந்தது. லோய்ஸ் இருந்தான், ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம், வேடிக்கை பார்க்கிறவர்களோடு. ஏரிக்கரைப் புல்வெளி அவனுடையது. வராமல் இருக்க முடியாது.

பயிற்சி முடிந்து இரண்டு படையும் வரிசையில் நின்றன. ஹூபெர்ட் நன்றி சொன்னான். கடைசியில் வழக்கப்படி கேட்டான்: "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. பீர் பீப்பாய் திறந்து காத்திருக்கும்போது எவன் வாயைத் திறப்பான்? ஹூபெர்ட் 'கலையலாம்' என்று சொல்ல வாயெடுத்துவிட்டான்.

"எனக்கு இருக்கு" என்றாள் புர்கி.

வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். ஹூபெர்ட்டின் கண் 'வேண்டாம்' என்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எங்க வண்டி எண்ணெய் விடுது. கம்பெனி கோளாறு இல்ல. நான் பிரஷர் தண்ணி அடிச்சுக் கெடுத்தேன். காஸ்டிக் போட்டேன். பளபளன்னு இருக்கணும்னு. அப்புறம் லோய்ஸுதான் ஊத்துனான்னு சொன்னேன். அது பொய். அவன் இல்ல."

மோஸன் வரிசையில் யாரோ புர்ரென்று சிரித்தான். அது பரவியது. "காஸ்டிக்கா? வண்டிய பால் கேன்னு நெனச்சியா தாயே?" என்றான் வாஸ்ட்ல். எர்லாக்காரர்கள் சிரிக்கவில்லை, அதுதான் அவளை அதிகம் சுட்டது. ரொட்டிக்காரன் தலையைத் திருப்பிக்கொண்டான். கேக் விற்றவர்கள், இரும்பு சுமந்தவர்கள் எல்லோரும் அந்த வரிசையில் நின்றார்கள்.

அவள் சிரிப்பை அடங்க விட்டாள். பந்தலில் சிரிக்கவைத்தவள்தானே, இப்போது கொஞ்சம் வாங்கிக்கொள்ளட்டும். பிறகு, "போன வருஷம் டயப்பரு கட்டுனது..." என்று ஆரம்பித்தாள். மீதி வார்த்தைகள் சட்டைக் காலருக்குள் போய்விட்டன.

வேலிப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "சத்தமா சொல்லு. இங்க கேக்கல."

லோய்ஸ். தொப்பியைக் கழற்றாமல், இரண்டு கையையும் வேலியில் வைத்துக்கொண்டு நின்றான்.

அந்த வட்டாரத்திலேயே பெரிய குரல் புர்கியுடையது. மைக் இல்லாமலே பந்தலை ஆட்டுகிற குரல். அதைத் தேடி எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"போன வருஷம் டயப்பரு கட்டி லோய்ஸ அவமானப்படுத்துனது நான். அதப் பாத்துத்தான் எல்லாரும் பண்ணாங்க. அவன் சாவியக் குடுத்ததுக்கு நான்தான் காரணம். அவன் வண்டி பழசு. அவன் கை நல்ல கை. எனக்கு வெக்கமா இருக்கு. அவ்ளோதான்."

மோஸன் இளைஞர்கள் சிலருக்கு அப்போது தங்கள் பூட்ஸின் கயிறு ரொம்ப முக்கியமாகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஏரியில் வாத்து ஒன்று கத்தியது. கத்திவிட்டுத் தப்பு பண்ணிவிட்ட மாதிரி அதுவும் நிறுத்திக்கொண்டது.

"இப்ப கேட்டுச்சு" என்றான் லோய்ஸ். பால் கறக்கிற நேரம் ஆகிவிட்டிருந்தது. திரும்பி, கொட்டகையைப் பார்த்து நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. படைக்கும் திரும்பவில்லை. அந்த வருடமும் திரும்பவில்லை, அடுத்த வருடமும்.

ஹூபெர்ட் புர்கியின் பக்கத்தில் வந்தான். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. "என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா சொல்ல விட்டிருப்பியா?"

அவன் கையை நீட்டினான். அவள் பெல்ட்டிலிருந்து சாவிக் கொத்தைக் கழற்றினாள். கொக்கி இறுகிப் போயிருந்ததால் நேரம் எடுத்தது. எல்லோரும் பீப்பாய்ப் பக்கம் போவது மாதிரி போய்க்கொண்டே அதைப் பார்த்தார்கள்.

பீர் குடிக்க அவள் நிற்கவில்லை. யாரும் நில் என்றும் சொல்லவில்லை. வண்டி கிளம்பும்போது, பழக்கத்தில் ஓட்டுநர் கதவின் பிடியில் கை வைத்தாள். உள்ளே ரொட்டிக்காரன் உட்கார்ந்திருந்தான். கையை எடுத்து, பின்பக்கம் போய், குழாய் பிடிக்கிறவர்கள் உட்காருகிற பெஞ்சில் ஏறினாள். இடம் இருந்தது. பள்ளி வாத்தியார் தன் ஹெல்மெட்டை மடிக்கு எடுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தார். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

கோயில் மேட்டில் வளைவு. அதற்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு மாற்றிவிட வேண்டும். ரொட்டிக்காரன் தாமதமாக மாற்றினான். வண்டியின் வயிற்றிலிருந்து கறக் என்று ஒரு சத்தம் வந்தது. பெஞ்சில் இருந்த எல்லோரும் புர்கியைத்தான் பார்த்தார்கள்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி இருந்தாள்.